அவர் கண்ணில் படாத இடம்

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் உலகம் அழியப்போகிறது என்று ஊரே கிடந்து தவித்தபோது எனக்குத் தூக்கம்தான் வந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்காகத் தென்காசியில் தாய் வீட்டுக்கு வந்திருந்தேன். நிறைமாதம். சாப்பிட்டாலும் தூக்கம், சாப்பிடாவிட்டாலும் தூக்கம். யாராவது எதிரில் உட்கார்ந்து பேசினால் பாதியிலேயே கண் செருகிவிடும். விழிக்கும்போது பேசியவர் போயிருப்பார், வேறு யாரோ வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் அந்த நாட்களில் எது நடந்தது, எது நான் கண்ட சொப்பனம் என்று சத்தியம் செய்யச் சொன்னால் எனக்குக் கஷ்டம். குகைக்குப் போனது மட்டும் நிஜம். அதை எங்கள் சபையில் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் வந்து கூடப்போகின்றன, பூமி தாங்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். பெரிய கோயிலில் ஹோமம் வளர்த்தார்கள். அந்தப் புகை எங்கள் தெரு வரைக்கும் வந்து வெண்மையாகத் தொங்கும். இடி விழுந்து பிளந்து நிற்கிற கோபுரத்தைக் காட்டி, இனி அது இரண்டாகச் சாயும், ஒரு பாதி கிழக்கே, ஒரு பாதி மேற்கே என்று திசை சகிதம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த நெய்யை எடுத்துத் தினமும் எல்லோருக்கும் ஊற்றினாள். "அழியப்போற ஒலகத்துல நெய்ய யாருக்கு வச்சிட்டுப் போவ? நீயும் தின்னு ஏட்டி, வாயும் வயிறுமா இருக்க" என்று எனக்கும் ஒரு கிண்ணம் வரும். உலகம் அழிவதில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

என் அப்பா சபையில் உபதேசியார். பாதிரியாருக்குப் பல ஊர்களில் சபை இருந்ததால் அவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பதிலிருந்து பிரசங்கம் வரைக்கும் அப்பாதான். எங்கள் வீடும் வேதக்கோயில் வளாகத்துக்குள்ளேயே இருந்தது. அப்பா எதற்கும் ஜெபம் பண்ணுகிறவர். காப்பி குடிக்கும் முன் ஜெபம், பஸ் ஏறும் முன் ஜெபம், பஸ் வராவிட்டால் அதற்கும் ஒன்று. சபையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆராதனை நடுவில் பெயர் சொல்லி, தெரு சொல்லி, எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் சொல்லி வேண்டுவார். கர்த்தருக்கு விலாசம் தெரியாதா என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்கமாட்டார்.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக ஒவ்வொரு ஞாயிறும் தனியாக ஒரு ஜெபம் உண்டு. யார் யாருக்கு எத்தனை மாதம் என்று சபைக்கே அப்போதுதான் தெரியவரும். நான் வந்ததும் அம்மா அப்பாவிடம், இவள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று அப்பா நினைத்தார். அவிசுவாசம் என்று முணுமுணுத்தார், ஆனாலும் சொல்லாமல் விட்டார். குழந்தைக்கென்று அம்மா ஒரு துணி தைக்கவில்லை. தொட்டில் கம்பைப் பரணிலிருந்து இறக்கவில்லை. மற்றபடி என்னைத் தாங்கினாள். பாதி ராத்திரியில் நான் புரண்டால்கூட என்ன என்று கேட்பாள்.

அம்மாவுக்கு நான்தான் மூத்தவள். எனக்குப் பிறகு மூன்று பிறந்தன. ஒன்று பிறந்த அன்றே போயிற்று. ஒன்று பல் முளைக்கும்போது போயிற்று. மூன்றாவது நன்றாக நடந்து, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்த தம்பி. அவன் காய்ச்சலில் போனான். மூன்று முறையும் குழிமேட்டில் நின்று, கொடுத்தவருக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று அப்பாவே பேசினார். அவர் குரல் நடுங்கவில்லை.  தம்பி போனதற்குப் பிறகு அம்மா கோயிலில் இடது பக்கத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தாள். அங்கிருந்து பீடம் தெரியாது. காற்று வருகிறது என்றாள்.

கிரகங்கள் கூடுவதற்கு முந்தின ஞாயிறு அப்பா பிரசங்கத்தில் பொரிந்து தள்ளினார். சபை ஆட்களே ஜோசியரிடம் போகிறார்கள், மஞ்சள் துணியில் காசு முடிகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. கடைசி நாட்களைப் பற்றி வேதத்தில் வருவதை எடுத்துக்கொண்டார். நியாயத்தீர்ப்பு வரும்போது ராஜாவும் அடிமையும் ஒன்றாக மலைக்கு ஓடுவார்கள், பாறை வெடிப்பிலும் குகையிலும் போய்ப் பதுங்குவார்கள், எங்கள்மேல் விழுந்து எங்களை மூடிக்கொள் என்று மலையைப் பார்த்துக் கெஞ்சுவார்கள் என்று விஸ்தாரமாகச் சொன்னார். அப்பா சொன்னால் கண் முன்னால் தெரியும். அந்த நாளில் பிள்ளைத்தாய்ச்சிகள் பாடும் கைப்பிள்ளைக்காரிகள் பாடும் பரிதாபம், குளிர் காலத்தில் ஓட நேரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்ற இடத்தையும் விடவில்லை. நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியதில் விழித்தேன். வெளியே தைப் பனி இன்னும் விலகியிருக்கவில்லை.

ஓடாதீர்கள், ஓடிப் பிரயோஜனம் இல்லை என்பதுதான் பிரசங்கத்தின் சாரம். ஆனால் சபை மனசில் நின்றது குகை மட்டும்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் தறி நெய்கிற மாமா ஒருவர் அப்பாவிடம் பவ்யமாக, "ஐயா, குத்தாலத்துல சிற்றருவிக்கு மேல ஒரு குகை இருக்குல்லா, அது போதுமா, இல்ல செண்பகாதேவி வரைக்கும் ஏறணுமா?" என்று கேட்டார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வீட்டுக்கே ஓடிப்போனார்.

அடுத்த ஞாயிறுதான் கிரகங்கள் கூடுகிற நாள். விடிந்ததும் அப்பா கோயிலைக் கூட்டி மணி அடிக்கப் போய்விட்டார். அம்மா என்னை எழுப்பி, "வா, குத்தாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. வாசலில் மாட்டு வண்டி நின்றது. நெசவு மாமாவும் அவர் சம்சாரமும் அவர் தம்பியும் இன்னும் சிலரும் பின்னால் நடந்து வந்தார்கள். அப்பாவின் சாய்வு நாற்காலியையும் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். நான் வைக்கோலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். முதல் மணி அடித்தது. அப்பா வழக்கத்தைவிட ரொம்ப நேரம் அடித்தார். வண்டி போகப் போக அந்தச் சத்தம் சின்னதாகி, மாட்டுச் சலங்கையோடு கலந்து, எது எது என்று தெரியாமல் ஆகிவிட்டது.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சுகமாக இருக்கிறது. நாங்கள் மலையிடம் போன மாதிரியே இல்லை. வண்டி ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்க, மலை எங்களிடம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். கொக்குகள் எழுந்து உட்கார்ந்தன. மேகம் மலையின் பாதியை விழுங்கியிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு முறை புரண்டு, பிறகு அதுவும் தூங்கிவிட்டது. அம்மா என் தலைமாட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசையவில்லை. பயணத்தில் உதடு அசையாமல் அம்மா வந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. எப்போதும் ஏதாவது சங்கீதம் முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

சீசன் இல்லாத குற்றாலத்தில் ஆளே இருக்காது. அன்றைக்குத் திருவிழா போல இருந்தது. பேரருவியில் நூல் போலத் தண்ணீர் விழுந்தது. அதன் அடியில் அமாவாசைக்குக் குளிக்க வந்தவர்கள் முட்டி மோதினார்கள். சாய்வு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, என்னை உட்கார வைத்து, நெசவு மாமாவும் தம்பியும் தூக்கிக்கொண்டார்கள். சாமி புறப்பாடு போலத்தான் போனேன். வழியில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் யாரென்று நினைத்தாரோ தெரியாது. நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

குகை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெரிய பாறை முன்னால் வந்து கவிழ்ந்து, அடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காருகிற அளவுக்கு இடம். எங்களுக்கு முன்பே தென்காசி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து, மூலையில் சூடம் ஏற்றி வைத்திருந்தார். உபதேசியார் வீட்டம்மாவைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "வாங்கம்மா, இங்கன உக்காருங்க. குகை என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று நகர்ந்து இடம் விட்டார். அவர் சம்சாரம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். எங்கள் கட்டுச்சோறும் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் யார் சோறு யார் இலையில் என்றே தெரியவில்லை. பாறை குளிர்ந்து, ஈரமாக, பழைய இலை வாசம் அடித்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் தூங்கினேன், விழித்தேன், மறுபடியும் தூங்கினேன். ஒரு முறை விழித்தபோது, நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே செத்துப்போய்விட்டோம், அதற்குப் பிறகு இருப்பது இதுதான் என்று தோன்றியது. பயமாகவே இல்லை. புளியோதரை நன்றாக இருந்தது.

மத்தியானம் கழிந்து அப்பா வந்தார். வெள்ளை ஜிப்பா வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கக்கத்தில் வேதப்புத்தகம். மற்றவர்கள் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட, காலியான கோயிலில் நர்ஸ் அம்மா ஒருத்திக்கும் மழைக்கு ஒதுங்குவது போல உள்ளே வந்த ஆடு ஒன்றுக்கும் முழு ஆராதனையையும் நடத்தி முடித்துவிட்டு, நடந்தே வந்திருக்கிறார்.

"எறங்குங்க எல்லாரும்" என்றார். யாரும் அசையவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். "ஊரு ஆளுக புரியாம வந்தாங்கன்னா சரி. நீயுமா? நான் என்ன சொன்னேன்? குகைக்குள்ள போயி ஒளியிறவங்க யாரு? கர்த்தரு மொகத்தப் பாக்கமாட்டாதவங்க. அவருக்கு மறைஞ்சு ஓடுதவங்க. நம்ம போற எடமா அது?"

நெசவு மாமா தலையைச் சொறிந்தார். "அப்படியா ஐயா? நீங்க ஒளியதுக்கு எடம் சொல்லுதீங்கன்னுல்லா நாங்க நெனச்சோம்."

பலசரக்கு அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அவங்க தப்பாக் கேட்டுட்டாங்க" என்றாள் அம்மா. "நான் சரியாத்தான் கேட்டேன்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"நட்சத்திரம் என்னத்தச் செய்யும்? அதுவா எம் பிள்ளைகள எடுத்துச்சு? எனக்கு நட்சத்திரத்துக்குப் பயம் இல்ல. அவருக்குத்தான் பயம். அவரு மொகத்துக்கு மறைஞ்சுதான் இங்கன வந்து கெடக்கேன்." அம்மா சத்தம் போடவில்லை. அரிசி களைந்துகொண்டே பேசுவது போலத்தான் பேசினாள். "ஒவ்வொரு தடவையும் நீங்க வாயாரச் சொன்னீங்க. பேரு சொல்லி, மாசம் சொல்லி, இங்கனதான் இருக்குன்னு சொன்னீங்க. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வந்து எடுத்துட்டாரு. தூணுக்குப் பின்னால ஒக்காந்து பாத்தேன். நீங்க அந்தப் பிரசங்கம் பண்ணுத வரைக்கும் எனக்கு இப்படி ஒரு எடம் உண்டுன்னு தெரியாது. இவ பெத்துப் பொழைக்கணும். அதுவரைக்கும் அவரு கண்ணுல படாம இருந்துக்கிடுதேன்."

என் தூக்கம் அப்போதுதான் கலைந்தது. அத்தனை மாதங்களில் முழுசாக விழித்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளைக்கு ஆபத்து என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா ஏதாவது வசனம் சொல்வார் என்று காத்திருந்தேன். குகை முழுக்கக் காத்திருந்தது. தேவனுடைய கண்ணுக்கு மறைவான இடம் ஏது என்று கேட்பதற்கு அவருக்கு ஆயிரம் வசனம் தெரியும்.   அவர் ஒரு கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.  எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை.

பிறகு செருப்பைக் கழற்றினார். குனிந்து உள்ளே வந்தார். உள்ளே இடம் இல்லை. அதனால் வாசலிலேயே, வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் பாதி குறைந்துபோயிற்று. அவர் நிழல் என் மேலும் அம்மா மேலும் விழுந்தது. வேதப்புத்தகத்தை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

 வெளியே காற்று மாறியது. மேகம் இறங்கி, பாதையை, மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, கடைசியில் அப்பாவின் முதுகு வரைக்கும் வந்து நின்றது. அவருக்குப் பின்னால் உலகம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. குழந்தைகள் பயந்துவிட்டார்கள். நெசவு மாமாவின் சம்சாரம் விசும்ப ஆரம்பித்தாள்.

"ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார் நெசவு மாமா.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பலசரக்கு அண்ணாச்சியும் கை கூப்பினார். அம்மா மட்டும் கண்ணை மூடவில்லை. அப்பாவையே பார்த்தாள். 

காப்பிக்கு ஜெபம் பண்ணுகிறவர், வராத பஸ்ஸுக்கு ஜெபம் பண்ணுகிறவர், "இன்னைக்கு வேண்டாம்" என்றார். "சத்தம் காட்டாம இருங்க."

மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.   அம்மா தூக்குவாளியைத் திறந்து, மிச்சமிருந்த தயிர்ச்சோற்றை உருட்டி, அப்பா கையில் வைத்தாள். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஜெபம் பண்ணாமல் அப்பா சாப்பிட்டதை என் ஆயுளில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். என் அப்பாவை அதற்கு முன்னும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவ்வளவு பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

உலகம் அழியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேகம் விலகியது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. அண்ணாச்சி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே ஒண்ணும் ஆவாது, கடையத் தொறந்திருக்கலாம்" என்றார். நாற்காலியில் என்னைத் தூக்கும்போது ஒரு பக்கம் அப்பா பிடித்துக்கொண்டார். 

செய்தி பாதிரியார் வரைக்கும் போயிற்று. அவர் வந்து அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். உபதேசியாரே குகையில் போய் ஒளிந்தால் சபை என்ன ஆகும் என்று கேட்டார். சம்சாரமும் மகளும் இருந்த இடத்தில் நானும் இருந்தேன் ஐயா என்று மட்டும் அப்பா சொன்னாராம். பாதிரியார் பெருமூச்சு விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு ஆராதனைகளில் அப்பா பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஜெபம் பண்ணினார். என்னை மட்டும் சொல்லவில்லை. அம்மா இன்னும் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள்.

மாசி பிறந்து ஒரு காலையில் வலி எடுத்தது. நர்ஸ் அம்மா வந்தாள். வெயில் ஏறி, தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அம்மா அதை முன்னறைக்கு எடுத்துப் போனாள். கதவு திறந்துதான் கிடந்தது. படுத்தவாக்கில் எனக்கு எல்லாம் தெரிந்தது. அப்பா எழுந்து நின்றார். குழந்தை வீறிட்டது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம். அம்மா பதறிப்போய், முந்தானை நுனியால் அதன் வாயை மெதுவாகப் பொத்தினாள்.

"அழாத கண்ணு, அழாத" என்றாள். "கேட்டுரும்."

அப்பா அவள் கையைப் பிடித்து விலக்கினார். குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அது இன்னும் பலமாகக் கத்தியது.

"கத்தட்டும் விடு" என்றார். "அவரு வந்தா நான் பேசிக்கிடுதேன்."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.